பழைய பசையின் மேல் புதிய டைல் நிற்காது

டைல் வாங்கப் போனால் நாம் கடை கடையாக ஏறி இறங்குவோம். நிறம் பார்ப்போம், பளபளப்புப் பார்ப்போம், கையில் தூக்கிக் கனம் பார்ப்போம். சதுர அடிக்கு ஐந்து ரூபா குறைப்பதற்கு அரை மணித்தியாலம் பேசுவோம். ஆனால், அந்த டைல் எதன் மேல் ஒட்டப்படப் போகிறது என்று குனிந்து பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்? நான் பார்க்கவில்லை. அதற்கு நான் கொடுத்த விலையைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன். கடையைத் திருத்தியமைக்க எண்ணியிருக்கும் வர்த்தக நண்பர்களுக்கு இது உதவும் என்று நம்புகிறேன்.

அக்குறணையில் எனக்கு ஒரு புடைவைக் கடை இருக்கிறது. முன்பக்கம் இருபது அடி, நீளம் முப்பது அடி. ஆக 600 சதுர அடி. எங்கள் கடைவீதிக்குள் பிங்கா ஓயா வெள்ளம் வந்து போவது ஊரறிந்த விடயம். அப்படி வந்து போன வெள்ளங்களுக்குப் பிறகு பழைய டைல்களில் பாதிக்கு மேல் அடி விட்டுப் போயிருந்தன. தட்டினால் வெற்றுத் தகரம் போலச் சத்தம் கேட்கும். 2015 நவம்பரில் அவற்றைக் கழற்றிவிட்டு இரண்டடிக்கு இரண்டடி டைல் புதிதாகப் பதித்தேன். பதித்து முடித்த அன்று கடை கண்ணாடி மாதிரி இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள்.

எட்டு மாதம் போயிற்று. 2016 ஜூன் மாதக் கடைசி, நோன்புப் பெருநாளுக்கு இன்னும் பத்து நாள். தராவீஹ் முடிந்து சனம் கடைக்குள் நிறைந்திருந்த நேரம். பட்டாசு வெடித்தாற்போல் ஒரு சத்தம். காசு மேசைக்கு முன்னால் ஒரு வரிசை டைல் கூரை முகடு போல நடுவில் எழும்பி நின்றது. பேத்திக்கு உடுப்பெடுக்க வந்திருந்த ஒரு வயதான தாய் அதில் கால் தடுக்கி விழப் பார்த்தார். பக்கத்தில் நின்ற பையன் பிடித்திருக்காவிட்டால் அன்று என்ன நடந்திருக்கும் என்று நினைக்க இன்றும் பயமாக இருக்கிறது. அந்த வரிசையைச் சுற்றிக் கயிறு கட்டி, கடையில் மூன்றில் ஒரு பங்கை மூடிவிட்டுத்தான் அந்தப் பெருநாள் வியாபாரத்தைச் செய்தேன். ஆண்டு முழுவதும் காத்திருந்த பத்து நாள் அது.

தவறு யாருடையது?

எழும்பிய டைலைத் தூக்கிப் பார்த்தேன். புதிய பசை டைலின் முதுகில் நன்றாகத்தான் ஒட்டியிருந்தது. ஆனால் அந்தப் பசை தரையைப் பிடிக்கவில்லை. முழுத் தகடாகக் கழன்று வந்திருந்தது. அதன் அடியில் மா தடவியது போல நரைத் தூசு. தரையிலோ பழைய டைலின் பசை வரி வரியாக அப்படியே கிடந்தது. பழையதைச் சுரண்டவுமில்லை, தூசைக் கூட்டவுமில்லை. அதன் மேலேயே புதியதைத் தடவி டைலை வைத்து அழுத்தியிருக்கிறார்கள். அதாவது நான் பணம் கொடுத்து வாங்கிய டைல் என் தரையில் ஒட்டவில்லை, தூசில்தான் ஒட்டியிருந்தது.

சுவரோரம் இடைவெளி விடாமல் டைலை முட்டப் பதித்ததும் ஒரு காரணம். வெயில் படும் தரை பகலில் விரியும். விரிய இடமில்லாவிட்டால் மேலே எழும்பும். ஆனால் அடியில் நன்றாகப் பிடித்திருந்தால் அவ்வளவு லேசாக எழும்பியிருக்காது.

டைல் பாஸைக் கூப்பிட்டு ஏசினேன். அவர் கோபப்படவில்லை. “முதலாளி, நீங்க சதுர அடிக்கு இவ்வளவுன்னு பதிக்கிறதுக்குத்தான் பேசினீங்க. சுரண்டுறதப் பத்திப் பேசவே இல்லையே” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் நியாயம் உண்டு. சதுர அடிக் கணக்கில் கூலி பேசினால் ஒரு நாளில் எத்தனை சதுர அடி பதிக்கிறாரோ அதுதான் பாஸின் வருமானம். தரையைச் சுரண்டும் ஒவ்வொரு மணித்தியாலமும் அவருக்கு நட்டம். அந்த வேலை டைலுக்கு அடியில் மறைந்துவிடுவதால் பார்க்கவும் ஆளில்லை. கூலியே கிடைக்காத, கண்ணுக்கும் தெரியாத வேலையை ஒருவர் ஒழுங்காகச் செய்து தருவார் என்று எதிர்பார்ப்பது வியாபாரம் தெரிந்தவன் போடும் கணக்கல்ல. இருபத்தைந்து வருடம் கடை நடத்திய நான் அந்தக் கணக்கைப் பிழையாகப் போட்டுவிட்டேன்.

சுரண்டாவிட்டால் என்ன நடக்கும்?

மூன்று விடயங்கள் நடக்கும். முதலாவது நான் மேலே சொன்னது. புதிய பசை தூசையும் பொருக்கையும் பிடித்துக்கொள்ளும், தரையைப் பிடிக்காது.

இரண்டாவது மட்டம். பழைய பசை ஓரிடத்தில் மேடாகவும் ஓரிடத்தில் பள்ளமாகவும் இருக்கும். சிறிய டைலாக இருந்தால் அந்த ஏற்ற இறக்கத்தோடு ஓரளவு ஒத்துப் போகும். இப்போது நாம் போடுவது இரண்டடி டைல். அது மேட்டில் குந்திக்கொள்ளும், பள்ளத்தின் மேல் வெறுமையாக நிற்கும். அந்த வெற்றிடத்தின் மேல் அலுமாரியின் கால் ஒன்று நின்றால் மூலை வெடிக்கும். பெரிய டைலுக்குத் தரையின் ஏற்ற இறக்கம் பத்தடி நீளத்துக்கு 3 மில்லிமீற்றருக்கு மேற்படக் கூடாது என்பது இத்தொழிலில் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு.

மூன்றாவது செலவு. மேட்டை மறைக்கப் பள்ளத்தையெல்லாம் புதிய பசையால் நிரப்ப வேண்டும். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் கனத்துக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ டைல் பசை போகும். என் கடை 600 சதுர அடி, அதாவது கிட்டத்தட்ட 56 சதுர மீற்றர். மூன்று மில்லிமீற்றர் கனம் கூடினால் சுமார் 250 கிலோ, அதாவது 25 கிலோ பையில் பத்துப் பை கூடுதலாக வேண்டும். சுரண்டுவதற்குக் கூலி கொடுக்க மனமில்லாமல் பசைக்கு அந்தக் காசைக் கொடுக்கிறோம். அதுவும் கனம் கூடிய பசை காயும்போது சுருங்கி டைலை இழுக்கும். தரை உயர்ந்தால் பின்கதவு தேய்க்கும், ஷட்டர் சரியாக அமராது. இவற்றைத் திருத்துவது வேறு செலவு.

முதலில் எந்தப் பசை என்று பாருங்கள்

இரண்டாவது தடவை வேலை செய்ய மாத்தளைப் பக்கத்திலிருந்து வயதான ஒரு பாஸ் வந்தார். அவர் உடனே சுத்தியலை எடுக்கவில்லை. ஒரு ஆணியும் ஒரு ஈரத் துணியும் கேட்டார். தரையில் இருக்கும் பசை எந்த வகை என்று தெரியாமல் அதில் கை வைக்கக் கூடாது என்பது அவர் எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம்.

நரை அல்லது வெள்ளை நிறத்தில், மணல் கலந்து கல்லுப் போல இருந்தால் அது சீமெந்துப் பசை. ஆணியால் கீறினால் தூள் வரும். தண்ணீருக்கு இளகாது. நம் நாட்டில் டைலுக்கு அடியில் பெரும்பாலும் இருப்பது இதுதான். சில பழைய கட்டடங்களில் பசைக்குப் பதிலாகச் சீமெந்துப் பால் ஊற்றிப் பதித்திருப்பார்கள். அதுவும் இந்த வகையே. இதை உடைத்தோ தேய்த்தோதான் எடுக்க வேண்டும்.

மஞ்சள் அல்லது பழுப்பு நிறத்தில், ஆணி குத்தினால் இறப்பர் போல அமுங்கினால் அது வினைல் விரிப்பு ஒட்டிய பசை. என் காசு மேசையடியில் முன்னைய வாடகைக்காரர் ஒட்டிய வினைலின் பசை இப்படி இருந்தது. ஈரத் துணியை அரை மணித்தியாலம் அதன் மேல் போட்டு வைத்து, பிறகு சுரண்டிப் பாருங்கள். இளகினால் சுடுதண்ணீரும் அகலமான சுரண்டியும் போதும். இந்தப் பசையில் கிரைண்டரை வைக்கக் கூடாது. சூட்டில் உருகிச் சில்லில் அப்பிக்கொள்ளும், தரை முழுக்கத் தேய்ந்து பரவும்.

மூன்றாவது கறுப்புப் பசை. தார் போலிருக்கும். பழைய அலுவலகங்கள், பழைய கடைகளில் ஒன்பது அங்குலச் சதுர வினைல் டைல்களுக்கு அடியில் இதைக் காணலாம். அந்தக் காலத்து டைலிலும் கறுப்புப் பசையிலும் அஸ்பெஸ்டஸ் நார் கலந்திருக்கக்கூடும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஆய்வுகூடத்தில்தான் தெரியும். அஸ்பெஸ்டஸ் நார் சுவாசப்பைக்குள் போனால் பல்லாண்டுகளுக்குப் பிறகு புற்றுநோயாக வெளிப்படலாம். ஆகவே இதை உடைக்கவோ, உலரத் தேய்க்கவோ வேண்டாம். உறுதியாக இருந்தால் அப்படியே விட்டு மேலே மூடிவிடுவதே பாதுகாப்பு. பொலித்தீன் விரித்து, அதன் மேல் இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் தனிச் சீமெந்துத் தளம் போட்டு, டைலை அதன் மேல் பதிக்கலாம். மேல்மாடியாக இருந்தால் அந்தப் பாரத்தைக் கொங்கிரீட் தாங்குமா என்று முதலில் பொறியியலாளர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எடுக்கும் முறை

இனி நம்மில் அநேகருக்குத் தேவைப்படும் சீமெந்துப் பசைக்கு வருவோம். வேலை தொடங்கும் முன் கடையை முழுவதும் காலி செய்ய வேண்டும். சரக்கை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு மறுபக்கம் வேலை செய்யலாம் என்று நினைக்காதீர்கள். அந்தத் தூசு பூட்டிய கண்ணாடி அலுமாரிக்குள்ளும் நுழையும். முதல் தடவை டைல் கழற்றியபோது நான் அப்படிச் செய்து பன்னிரண்டு கட்டுச் சேலையை அரை விலைக்குத் தள்ளினேன். எடுக்க முடியாத சாமான்களைப் பொலித்தீனால் மூடி, ஓரங்களை டேப் போட்டு ஒட்டுங்கள். பக்கத்துக் கடைக்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

முதலில் கனமான மேடுகளை உடைக்க வேண்டும். சிறிய இடமென்றால் உளியும் சுத்தியலும் போதும். பெரிய இடத்துக்கு ரோட்டரி ஹெமர். அதைச் சுழலாமல் அடிக்க மட்டும் வைத்து, இரண்டு அங்குல அகல உளி பூட்ட வேண்டும். உளியைச் செங்குத்தாகப் பிடித்தால் கொங்கிரீட்டில் குழி விழும். தரையோடு படுத்தாற்போலச் சரித்துப் பிடித்தால் பசை மட்டும் பாளமாகக் கழரும். பொறுமையில்லாத கையாள் இந்த இடத்தில்தான் தரையைப் பழுதாக்குவார். உடைக்கும்போது தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தால் தூசு பாதி அடங்கும். மின்சாரக் கருவி ஓடும் இடத்தில் தண்ணீர் தேங்க விடக் கூடாது. இணைப்பில் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம் இருக்க வேண்டும்.

மேடு போன பிறகு மெல்லிய படை எஞ்சும். அதற்குக் கிரைண்டரில் பூட்டும் கிண்ணம் போன்ற வைரச் சில்லு இருக்கிறது. ஹாட்வெயார் கடையில் டயமண்ட் கப் வீல் என்று கேட்டால் தருவார்கள். பழைய சோனகத் தெருவில் தாராளமாகக் கிடைக்கும். கிரைண்டரை ஓரிடத்தில் அழுத்தி வைக்காமல் வட்டமாக நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தட்டு வைத்தது போலப் பள்ளம் விழும். சாதாரணக் கிரைண்டரைத் தண்ணீர் ஊற்றி ஓட்டக் கூடாது, மின்சாரம் தாக்கும். அதற்குத் தூசை உறிஞ்சும் மூடியும் வெக்கும் கிளீனரும் பூட்டித்தான் ஓட்ட வேண்டும். ஆயிரம் சதுர அடிக்கு மேற்பட்ட இடமென்றால் தரை தேய்க்கும் பெரிய இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பது இலாபம்.

எல்லாப் பசையையும் சொட்டுக்கூட இல்லாமல் எடுக்க வேண்டுமா என்று பாஸிடம் கேட்டேன். தேவையில்லை என்றார். சீமெந்துப் பசையில் மெல்லிய படையாகக் கொங்கிரீட்டோடு இறுகிப் போன பகுதி இருக்கலாம். அது கல்லோடு கல். மேடு, பொருக்கு, தூசு ஆகிய மூன்றும்தான் போக வேண்டும். இது தெரியாமல் கடைசி நரை நிறம் போகும் வரை தேய்த்துத் தரையைக் கெடுப்பவர்களும் உண்டு.

செய்யக் கூடாதவை

நம் ஊரில் எதற்கெடுத்தாலும் அசிட் ஊற்றும் பழக்கம் இருக்கிறது. தரையில் ஊற்றினால் பசை முழுவதும் போகாது, ஆனால் கொங்கிரீட்டின் மேற்பரப்பு அரித்து மணலாகும். அதன் ஆவி நெஞ்சை எரிக்கும், ஷட்டரின் இரும்பு துருப்பிடிக்கும். மிச்ச அசிட் தரைக்குள் ஊறி நின்றால் புதிய பசைக்கும் கேடு.

தின்னர், பெற்றோல், மண்ணெண்ணெய் ஊற்றிப் பசையை இளக வைக்கப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். சீமெந்துப் பசைக்கு அவற்றால் ஒரு பயனுமில்லை. வினைல் பசை இளகும்தான். ஆனால் இளகிய பசை எண்ணெயோடு சேர்ந்து கொங்கிரீட்டின் துவாரங்களுக்குள் இறங்கும். அதன் பிறகு எந்தப் பசையும் அங்கே பிடிக்காது. மூடிய கடைக்குள் பெற்றோல் ஆவி நிற்க, பக்கத்தில் கிரைண்டர் பொறி பறந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

தூசு என்ற முதலாளியின் கடமை

இதைத் தனியாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. முதல் தடவை வேலைக்கு வந்த கையாள் பத்தொன்பது வயதுத் தம்பி. டைல் கழற்றிய இரண்டு நாளும் வாயில் ஒரு கைலேஞ்சியைக் கட்டிக்கொண்டு நின்றார். மாலையில் தலைமுடி, கண் இமை எல்லாம் வெள்ளை. இருமிக்கொண்டே தேநீர் குடித்தார். நான் பார்த்துச் சிரித்தேன். அது எவ்வளவு பெரிய தவறு என்று அப்போது எனக்குத் தெரியாது.

கொங்கிரீட்டிலும் பசையிலும் மணல் இருக்கிறது. மணலில் இருப்பது சிலிக்கா. தேய்க்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத தூளாகி சுவாசப்பையின் அடிவரை போய்த் தங்கும். சிலிகோசிஸ் என்ற நோய் அதனால் வருகிறது. வந்தால் குணமாக்க மருந்தில்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1997இல் தொழிலிடத்துச் சிலிக்காத் தூசை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதற் பிரிவில் சேர்த்தது. அமெரிக்காவில் தொழிலாளி ஒருவர் எட்டு மணித்தியால வேலையில் சராசரியாகச் சுவாசிக்கக்கூடிய எல்லை ஒரு கன மீற்றர் காற்றுக்கு 50 மைக்ரோகிராம்.

இதை என் கடைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்தடி உயரமுள்ள 600 சதுர அடிக் கடையில் சுமார் 170 கன மீற்றர் காற்று இருக்கும். அந்த எல்லைப்படி கடை முழுவதிலுமாகப் பறக்கக்கூடிய சிலிக்கா 9 மில்லிகிராம்கூட இல்லை. ஒரு சிட்டிகை உப்பில் மிகச் சிறிய பங்கு. ஒரு நிமிடம் உலரக் கிரைண்டர் ஓட்டினால் பறப்பது அதைப் போலப் பல மடங்கு.

கைலேஞ்சியும் துணி மாஸ்க்கும் இந்தத் தூசை மறிக்காது. என்95 அல்லது அதற்கு மேலான, முகத்தோடு இறுகப் பொருந்தும் மாஸ்க் வேண்டும். கண்ணாடியும் காதுக்கு அடைப்பும் வேண்டும். சாதாரண வீட்டு வெக்கும் கிளீனர் நுண்தூசைப் பின்பக்கத்தால் திரும்பவும் வெளியே ஊதும். ஹெபா வடிகட்டி உள்ளதை வாடகைக்கு எடுங்கள். உலர்ந்த தூசைத் தும்புத்தடியால் கூட்ட வேண்டாம், ஈரமாக்கி அள்ளுங்கள். இவையெல்லாம் பாஸ் கொண்டு வருவார் என்று விட்டுவிடாமல் கடைக்காரரே வாங்கிக் கொடுப்பது நல்லது. நம் கடைக்குள் வேலை செய்பவர் நம் பொறுப்பு.

பதிக்க முன் நான்கு சோதனை

தரை தயார் என்று பாஸ் சொன்னதும் ஒரு டைலும் வைக்க விடாமல் நீங்களே போய்ப் பாருங்கள். படித்த பொறியியலாளராக இருக்கத் தேவையில்லை.

ஒன்று, நாணயக் குற்றி ஒன்றால் தரையை அடிக்கு அடி தட்டிக்கொண்டு போங்கள். கணீரென்ற சத்தம் நல்லது. வெறுமையான சத்தம் வரும் இடத்தில் அடித்தளமே விட்டுப் போயிருக்கிறது, அதை வெட்டி எடுத்து நிரப்ப வேண்டும்.

இரண்டு, வளையாத பத்தடி அலுமினியச் சட்டம் ஒன்றைத் தரையில் நெடுக்கும் குறுக்குமாக வையுங்கள். அடியில் 3 மில்லிமீற்றருக்கு மேல் வெளிச்சம் தெரியக் கூடாது.

மூன்று, ஆங்காங்கே சில துளி தண்ணீர் விடுங்கள். ஓரிரு நிமிடத்தில் தரை உறிஞ்சினால் சரி. தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு நின்றால் அங்கே பசையோ எண்ணெயோ மெழுகோ இன்னும் இருக்கிறது.

நான்கு, உள்ளங்கையை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கை வெள்ளையானால் இன்னொரு தடவை கழுவிக் காய விட வேண்டும். எங்கள் ஊர் போல வெள்ளம் ஏறும் இடமென்றால் காய்வதற்குக் கூடுதலாக நாள் கொடுங்கள். ஒரு முழப் பொலித்தீனை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விட்டு, அடியில் வியர்த்திருக்கிறதா என்று பார்த்தால் ஈரம் தெரியும்.

கூலியை எப்படிப் பேசுவது?

இதுதான் நான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல வந்தது. சுரண்டும் வேலையையும் பதிக்கும் வேலையையும் ஒன்றாகப் பேசாதீர்கள். சுரண்டிச் சுத்தம் செய்வதை நாட்கூலிக்குப் பேசுங்கள். பதிப்பதைச் சதுர அடிக்குப் பேசுங்கள். நடுவில் உங்கள் சோதனை இருக்க வேண்டும். நான்கு சோதனையும் சரியென்றால் முதல் வேலையின் பணத்தை அன்றே கொடுத்துவிடுங்கள். பிறகுதான் டைல் பெட்டியை உடைக்க அனுமதியுங்கள். இப்படிச் செய்தால் பாஸுக்கும் அவசரமில்லை, நமக்கும் சந்தேகமில்லை.

பேசும்போது இடிபாடு ஏற்றிப் போவது யார் செலவு, கருவி வாடகை யாருடையது, சுவரோரம் கால் அங்குல இடைவெளி விடுவது ஆகியவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மேல்மாடியாக இருந்தால் தரைக்குள் மின்சாரக் குழாய் போகிறதா என்று தெரிந்துகொண்டுதான் ஹெமர் வைக்க வேண்டும். குளியலறையாக இருந்தால் பசையோடு நீர்த்தடுப்புப் பூச்சும் போய்விடும். அதைத் திரும்பப் பூசும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுத்தமான தரையை டைல் வைக்க முன் ஒரு படம் பிடித்து வைப்பதும் நல்லது.

என்னுடைய 600 சதுர அடிக்கு இரண்டு பேர் மூன்று நாள் சுரண்டினார்கள். கழுவிக் காய இரண்டு நாள். ஆக ஐந்து நாள். அந்த ஐந்து நாளுக்கான கூலியும் கருவி வாடகையும் சேர்த்து, இரண்டாவது தடவை செய்த முழுச் செலவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தப் பத்தில் ஒன்றை முதலில் கொடுக்காததால் டைல், பசை, கூலி எல்லாம் இரண்டு தடவை கொடுத்தேன். கழன்ற டைலில் உடையாதவற்றையாவது பயன்படுத்தலாம் என்று பார்த்தால் முதுகில் பசை இறுகியிருந்தது. மேலதிகமாக வாங்கவும் அதே தொகுதி எண் கிடைக்கவில்லை, நிறச்சாயல் வேறாகிவிட்டது. 2020இலும் 2022இலும் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகளின்போது டைலுக்கு எவ்வளவு அலைந்தோம் என்பது கட்டடம் கட்டியவர்களுக்குத் தெரியும். ஒரு தடவை வாங்கிய டைலை ஒரு தடவையிலேயே ஒழுங்காகப் பதிப்பதுதான் புத்தி.

2016 ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் பதித்த அந்தத் தரை இன்றும் அசையவில்லை. அதன் பிறகும் வெள்ளம் கடைக்குள் வந்திருக்கிறது. தண்ணீர் வடிந்ததும் நான் முதலில் செய்வது ஒரு ரூபாக் குற்றியை எடுத்துத் தரையைத் தட்டிக்கொண்டு போவதுதான். வேலையாட்களுக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. உங்கள் கடையிலும் இன்றிரவு ஷட்டரை இறக்கிய பிறகு ஒரு தடவை தட்டிப் பாருங்கள். வெறுமையான சத்தம் வந்தால் பெருநாள் வரை தள்ளிப் போடாமல் இப்போதே ஒரு நல்ல பாஸைத் தேடுங்கள். அவரிடம் முதலில் சுரண்டும் கூலியைப் பேசுங்கள்.